வழியனுப்பும் விதம்

கடல் கடந்து வந்து முதலாளியம்மா நடத்தும் அந்தச் சொகுசு ஹோட்டலில் மொத்தமே ஆறு அறைகள். எதிரே பெரிய ஆஸ்பத்திரி. மற்ற டாக்டர்கள் கைவிரித்த பிறகு, கடைசி முயற்சியாக வருபவர்கள்தான் விருந்தாளிகள். ஜோடியாக வந்து, பெரும்பாலும் ஒற்றையாகத் திரும்புவார்கள்.

"ஆபரேஷனுக்குக் கிளம்பறவங்ககிட்ட 'போயிட்டு வாங்க'ன்னு மட்டும் சொல்லிடாதே," என்றாள் முதலாளியம்மா, அன்று வேலைக்குச் சேர்ந்த ரிசப்ஷன் பெண்ணிடம். "போன மாசம் ஒருத்தர்கிட்ட வாய்தவறிச் சொல்லிட்டேன். அப்புறம் அவர் சட்டைகளை நான்தான் மடிச்சு அவர் சம்சாரத்துகிட்ட குடுத்தேன். தலையை ஆட்டு, கதவைத் திற. அது போதும்."

"சரிம்மா. ஆறாம் நம்பர் சார்தான் ஒரு மாதிரி. காலைல குழாய் சொட்டுதுன்னு என்கிட்ட ஸ்பானர் வாங்கி அவரே முடுக்கினாரு. ஜன்னல் கொக்கிக்கு எண்ணெய் போட்டாரு."

முதலாளியம்மா கடிகாரத்தைப் பார்த்தாள்.

லிஃப்ட் திறந்தது. ஆறாம் நம்பர்க்காரர் சின்னப் பையோடு வந்து சாவியை மேஜைமேல் வைத்தார். அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டுக் கதவைத் திறந்தாள்.

"ஒரு நாளாவது இங்க விருந்தாளியாத் தங்கணும்னு இருந்தேன், தங்கிட்டேன்," என்றார் முதலாளியம்மாவிடம். "நீ ஆஸ்பத்திரிக்கு வர வேணாம், அஞ்சாம் ரூமுக்கு ஆள் வருது. இனிமே குழாய் சொட்டினா யாரையாவது கூப்பிட்டுக்கோ."

அவள் தன் கணவரின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"போயிட்டு வாங்க," என்றாள்.