மறைக்கச் சொன்ன பிள்ளை

"இந்தச் சின்னப் பிள்ளை வெளியில தெரியாமல் பிரேம் போடேலுமோ, தம்பி?"

படத்தின் இடது ஓரத்தில் விரலை வைத்துக் கேட்டார் குமுதினி. சுபாஸ்கரன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மேசையில் கிடந்த படத்தின் மேல் குனிந்தான். லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் அவன் பிரேம் கடை போட்டுப் பதினொரு வருடமாகிறது. சாமிப் படம், கல்யாணப் படம், செத்தவர்களின் அந்தியேட்டிக்கு வைக்கிற படம் என்று எத்தனையோ வந்திருக்கின்றன. இப்படி ஒரு படமும் வந்ததில்லை, இப்படி யாரும் கேட்டதுமில்லை.

நூற்றைம்பது வருடப் பழைய அச்சுப் படம். மஞ்சளேறிய தாளில் கறுப்புக் கோடுகள். பனி கொட்டும் வெட்டவெளியில் ஒரு குடும்பம் கைவண்டியோடு போகிறது. தகப்பன் முன்னால் நின்று இழுக்கிறான். அவன் முதுகுக்குப் பின்னால், வண்டியில் ஏற்றிய மூட்டைகளின் மேல், போர்வை சுற்றிய ஒரு பெண் குழந்தை. தாய் வண்டியைத் தள்ளுகிறாள். அவளுக்கும் பின்னால், நாலைந்து அடி தள்ளி, பெரிய ஆளின் கோட்டுக்குள் புதைந்தபடி ஒரு பையன் நடந்து வருகிறான்.

எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டான்.

வயதானவர்களை வீட்டுக்குப் போய்ப் பராமரிக்கிற வேலை குமுதினிக்கு. குரோய்டனில் மார்ஜரி என்ற வெள்ளைக்காரக் கிழவியை மூன்று வருடம் குளிக்க வார்த்து, சாப்பாடு கொடுத்துப் பார்த்திருக்கிறார். மார்ஜரி மோர்மன் என்ற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர். அந்தச் சபையின் ஆரம்ப காலத்துப் படங்கள் அவரிடம் ஒரு பெட்டி நிறைய இருந்தன. குமுதினி தலை வாரிவிடும்போது ஒவ்வொன்றாக மடியில் எடுத்து வைத்துக் கதை சொல்வார். அமெரிக்காவில் ஆற்றங்கரையில் அவர்கள் கட்டிய ஊர். தலைவரைக் கொன்று சனத்தைத் துரத்தியபோது, உறைந்த ஆற்றின் மேல் அவர்கள் வண்டிகளோடு கடந்தது. பிறகு லிவர்பூலில் கப்பலேறி அவர்களிடம் போய்ச் சேர்ந்த இங்கிலாந்து ஏழைகள். மாட்டு வண்டிக்கு வசதியில்லாமல் ஆயிரம் மைலுக்கு மேல் கைவண்டி இழுத்தவர்கள் அவர்கள். ஒரு வருடம் பனி முந்திக்கொண்டது. செத்தவர்களைப் பனிக்குள்ளேயே மூடிவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள்.

போன மாதம் மார்ஜரி இறந்துபோனார். விருப்பமான எதையாவது எடுங்கள் என்று அவருடைய மகன் பெட்டியைத் திறந்து வைத்தபோது, குமுதினி இந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"சாமியறைக்குப் பக்கத்துச் சுவரில கொழுவப் போறன்," என்றார்.

சுபாஸ்கரன் அளவு நாடாவை வைத்துப் பார்த்தான். படத்தைச் சுற்றி வைக்கிற அட்டையை இடது பக்கம் மட்டும் நாலு அங்குலம் அகலமாக வெட்டினால் குழந்தை தெரியாது. ஆனால் இன்னொரு சிக்கல் இருந்தது.

"தகப்பனும் சேர்ந்து மறைஞ்சு போவார், அக்கா."

"மறையட்டும். என்ர மனுசனும் அதைத்தான் விரும்புவார்."

அவன் நிமிர்ந்தான். அந்த முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு மேலே கேட்கத் தயக்கமாக இருந்தது. அவனும் ஒரு காலத்தில் எல்லைக் காடு ஒன்றுக்குள்ளால் ஜெர்மனிக்கு வந்து, அங்கிருந்து இங்கே வந்தவன். அதைச் சொன்னான். நீங்களும் தரைவழியாகவா வந்தீர்கள் என்று மெதுவாகக் கேட்டான்.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு மார்கழி என்றார் குமுதினி. உக்ரைன் எல்லை. ஒரு இரவு நடந்தால் போதும் என்று, காசு வாங்கி எல்லை கடத்திவிடுகிற ஏஜென்சிக்காரன் சொன்னான். மூன்று நாள் நடந்தார்கள்.

"ரெண்டு பிள்ளையளோட வெளிக்கிட்டனாங்கள், தம்பி. ஒண்டோடதான் வந்து சேர்ந்தம்."

உறைந்த நிலம் தோண்ட இடம் கொடுக்கவில்லை. கணவர் தேவராசா வெறுங்கையால் பனியை அள்ளிப் பிள்ளையை மூடினார். பின்னுக்கு நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். அது எந்த இடம் என்று இன்றைக்கும் இருவருக்கும் தெரியாது.

சுபாஸ்கரன் நாடாவைச் சுருட்டி வைத்தான். இப்போது அவனுக்கு விளங்கியது. அந்தக் குழந்தையின் முகத்தைத் தினமும் பார்க்க இந்தத் தாயால் முடியாது. அவனுக்கும் இரண்டு பிள்ளைகள். ஏதாவது ஆறுதல் சொல்லாமல் அவரை அனுப்ப மனம் வரவில்லை.

"குறை நினையாதேங்கோ அக்கா. மறைச்சா அந்தப் பிள்ளை இல்லையெண்டு ஆகிடாது. முழுசா வைச்சே நான் வடிவாச் செய்து தாறன். பார்க்கப் பார்க்க மனம் ஆறும். பின்னால நடந்து வாற பிள்ளையாவது உங்களுக்கு மிஞ்சினதுதானே."

வெளியே ஒரு பஸ் நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. குமுதினி படத்தைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்து, கோட்டுப் போட்ட அந்தப் பையனின் மேல் விரலை வைத்தார். தாள் கிழிந்துவிடும் என்று பயந்தவர் போல மெல்ல வைத்தார்.

"மகள் கோசிகா ஞாயிற்றுக்கிழமையில சாப்பிட வருவாள். அப்ப அவளுக்கு ரெண்டு வயசு, ஒண்டும் ஞாபகமில்லை. அண்ணா வாற வழியில மொஸ்கோவில காய்ச்சல் வந்து மோசம் போனவன் எண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறம்."

குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"வண்டியில இருக்கிற பிள்ளையைப் பார்த்தா அவளுக்கு விளங்கிடும், தம்பி, தகப்பனால ஒராளைத்தான் தூக்க ஏலுமாயிருந்தது, அது அவளைத்தான் எண்டு. பின்னால நடந்து வாற என்ர மகன் ஆரணன்ர போட்டோ ஒண்டுகூட எங்களிட்டை இல்லை."