அக்கா திறந்த மெயில்

“இதை நான் தொடலாமா சார்?” என்று கேட்ட அக்கா, மவுஸின் மேல் வைத்த கையை உடனே எடுத்துக்கொண்டாள்.

“உங்க கம்ப்யூட்டரை நீங்க தொடாம யாரு தொடுவா?” என்று சிரித்தார் கம்ப்யூட்டர்காரர். தம்பியின் போட்டோ ஸ்டுடியோவுக்காக வாங்கிய புதுக் கம்ப்யூட்டரை அப்போதுதான் மேசையில் வைத்து, வயர்களை இணைத்து முடித்திருந்தார்.

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது நாளைக்கு முன், ‘உங்கள் பார்சல் வந்துகொண்டிருக்கிறது’ என்று வந்த ஒரு மெயிலை அவள் திறந்தாள். அன்று மாலையே பழைய கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து, பதினாலு வருடத்துக் கல்யாணப் படங்கள் மொத்தத்தையும் திறக்க முடியாமல் பூட்டிப் போட்டுவிட்டது. அதற்குப் பிறகு தம்பி அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

“அந்த வாரம்தான் கம்ப்யூட்டர் ஃபேன் சத்தம் போடுதுன்னு நீங்க வந்து சரி பண்ணி, ஏதோ செருகி செக் பண்ணிட்டுப் போனீங்க. நல்லா ஓடிட்டிருந்ததை நான்தான் கெடுத்தேன் சார்.”

அவர் குனிந்து, ஏற்கெனவே இறுக்கமாக இருந்த வயரை இன்னொரு முறை அழுத்திவிட்டு நிமிர்ந்தார்.

“இங்க பாருங்க, இதுல ரெண்டு யூசர் வெச்சிருக்கேன். ஒண்ணு வீட்டுக்காரர், இன்னொண்ணு குடித்தனக்காரர். புதுசா ஒரு புரோகிராமை உள்ளே போடணும்னா வீட்டுக்காரரோட பாஸ்வேர்டு வேணும். தினசரி வேலைக்கு நீங்க குடித்தனக்காரராவே இருங்க. அவசரத்துல எதையாவது தப்பா அழுத்தினாலும் சுவரை இடிக்க விடாது.”

அக்கா நோட்டில் எழுதிக்கொண்டாள். “பாஸ்வேர்டுக்கு என்ன வைக்கிறது? என் பிறந்த தேதி?”

“அது ஊருக்கே தெரியுமே! சம்பந்தமே இல்லாத நாலு வார்த்தையைச் சேர்த்து வைங்க. நீளமா இருந்தா உடைக்கறது கஷ்டம்.”

“குடை, சித்தப்பா, எலுமிச்சை, ரயில்.”

“பிரமாதம்! ஆனா என்கிட்ட சொல்லிட்டீங்களே. வேற யோசிங்க.”

அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. “அப்புறம், அப்டேட் பண்ணட்டுமான்னு அது கேட்டா நாளைக்குன்னு தள்ளிப் போடாதீங்க. கதவுல ஓட்டை இருக்குன்னு பார்த்து, அடைக்க வந்த தச்சரை வாசல்லயே நிக்க வைப்பீங்களா?”

அக்கா அதையும் குண்டு குண்டான எழுத்தில், வரி பிசகாமல் எழுதினாள். “இப்படி எழுதிக்கிட்டா ஒரே வாரத்துல நீங்க எனக்கே பாடம் எடுப்பீங்க” என்றார் அவர்.

“எனக்கில்ல சார். நாளைக்கு வேலைக்கு வரப்போற பொண்ணுக்கு. என்னை வீட்டோட இருக்கச் சொல்லிட்டான் தம்பி.” அவள் தலையை நிமிர்த்தவில்லை. “அவன் சொல்றதும் நியாயம்தானே. நேத்து ஒரு அம்மா வந்தாங்க. மகனோட கல்யாணப் படத்தைப் பெரிசா போட்டுத் தரச் சொல்லி. அந்தப் பையன் இப்ப உயிரோட இல்லை. உட்கார வெச்சு தண்ணி குடுத்தேன். அதுக்கு மேல எனக்கு வாய் வரலை.”

கம்ப்யூட்டர்காரர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை மேசையில் வைத்தார். “அந்த மெயில் இன்னும் இருக்கா?”

மெயில் எல்லாம் இணையத்தில் இருப்பதால், புதுக் கம்ப்யூட்டரிலும் அது வந்து நின்றது. எதையும் அழுத்தாமல், அனுப்பியவரின் முகவரியை எழுத்து எழுத்தாகப் படித்தார். மவுஸை மெதுவாக நகர்த்தி, ஒவ்வொரு லிங்க்கும் எங்கே போகிறது என்று பார்த்தார். பிறகு மூடிவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

“நான்தானே சார்?”

“பேக்கப் பத்திச் சொல்றேன், எழுதிக்கோங்க” என்றார். “தினமும் படங்களை இந்தத் தனி டிஸ்க்ல காப்பி பண்ணணும். பண்ணினதும் கழட்டி டிராயர்ல வெச்சிடணும்.”

“தம்பி பழைய டிஸ்கை எப்பவும் செருகியேதான் வெச்சிருப்பான்.”

“அதான் அதுவும் சேர்ந்து போச்சு. கழட்டி வெச்சிருந்தா அது வரைக்கும் வைரஸ் போயிருக்க முடியாது.” எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

அப்போது தோளில் கேமராப் பையுடன் தம்பி உள்ளே வந்தான். “எழுதி முடிச்சிட்டியா? இனிமே நீ அந்த மேசைப் பக்கமே போகாதே, சொல்லிட்டேன்” என்றவன், அவர் பக்கம் திரும்பினான். “நீங்களே சொல்லுங்க சார். வர்ற மெயிலையெல்லாம் இப்படியா திறந்து பார்ப்பாங்க?”

அக்கா அழுதுவிடாமல் இருக்க நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டர்காரர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்.

“அந்த மெயிலை இப்பதான் பார்த்தேன். கொரியர் ஆபீஸ்லேர்ந்தே வந்தது. அதுல ஒண்ணுமே இல்லை சார்.”

“அப்ப வைரஸ் என்ன, வானத்துலேர்ந்து குதிச்சுதா?”

“நீங்க எனக்கு போன் பண்ணின அன்னிக்கே இன்னும் ரெண்டு கடையிலேர்ந்து கூப்பிட்டாங்க. அங்கயும் இதே பூட்டுதான். ஏன்னு ராத்திரி பகலா யோசிச்சேன். மூணு கடைக்கும் பொதுவா இருந்தது ஒண்ணே ஒண்ணுதான்.”

அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

“என்னது?” என்றான் தம்பி.

“என் பென் டிரைவ், சார்.”