ஏன் என்று கேட்கிறவன்

ஒசாகா நகைச்சுவை மேடையில் ரியோஜியும் தெப்பெய்யும் ஜோடி. ரியோஜி கோணல்மாணலாகக் கதை விடுவான். தெப்பெய் அவன் தலையில் தட்டி, “ஏன்டா?” என்பான். கூட்டம் சிரிக்கும்.

“சிரிக்கிறது என் கதைக்குடா. தலையில தட்ட ஒரு கட்டை போதும்,” என்றான் ரியோஜி ஒருநாள்.

மறுநாளிலிருந்து தெப்பெய் வரவில்லை. ரியோஜி தனியாக மேடையேறினான். யாரும் சிரிக்கவில்லை.

மூன்று மாதமாகியும், இன்றும் அதே பழைய கதைதான். “பொதுக் குளியலறைக்குக் குடை எடுத்துட்டுப் போனேன்...”

“ஏன்டா?” என்றது கடைசி வரிசை.

“நனைஞ்சிட்டா?”

அரங்கம் குலுங்கியது. குரல் பிடிபடவில்லை; ‘ஏன்டா’ வந்து விழுந்த நேரம் மட்டும் அச்சு அசல் தெப்பெய்.

முடிந்ததும் பின்வரிசைக்கு ஓடினான். அங்கே தெப்பெய்யின் மனைவி மட்டும் இருந்தாள்.

“அண்ணி, நீங்களா? அந்த ரோஷக்காரன் எங்க?”

“வீட்ல. தொண்டையில ஆபரேஷன், பேச்சு போயிடுச்சு. எங்கெங்க கேக்கணும்னு என் கையில தட்டித் தட்டிச் சொல்லிக் குடுத்தாரு.”

“அதுக்கா விலகினான்? ஏன் அண்ணி எங்கிட்ட சொல்லல?”

“ஏன் வரலன்னு நீங்க ஒரு தடவைகூட கேக்கலையே, தம்பி.”