புரட்டுக்காரர்

"சாயங்காலம் ஒரு பக்கம் தப்பினாலும் சரி, நாளையிலேருந்து நீங்க வர வேண்டாம்."

அரங்க மேலாளர் சத்தம் போடவில்லை. காலை ஒத்திகை முடிந்ததும் மேடைக்குப் பின்னால் கூப்பிட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டபடியே சொல்லிவிட்டுப் போய்விட்டார். கேட்டவர் கையிலிருந்த புத்தகத்தை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

பியானோ வாசிப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து, இசைக்குறிப்புப் புத்தகத்தை நேரம் பார்த்துப் புரட்டுவது அவர் வேலை. அரங்கத்தில் எல்லோரும் 'புரட்டுக்காரர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். கொஞ்ச நாளாகத்தான் அந்தப் பேர் சுருக்கென்று தைத்தது. இரண்டு கண்ணிலும் புரை. மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆபரேஷனுக்கு நாள் கிடைக்கும்வரை எப்படியாவது ஓட்டிவிடலாம் என்று மறைத்து வைத்திருந்தார்.

போன கச்சேரியில் இரண்டு தாளை ஒன்றாகப் புரட்டிவிட்டார். இன்று ஒத்திகையிலும் தடுமாற்றம். அதுவும் யார் பக்கத்தில்? பியானோ மேதை என்று எங்கே போனாலும் கொண்டாடுகிற மனிதர் பக்கத்தில். அவருடைய கடைசி உருப்படி புயல் மாதிரி ஓடும். புரட்டுக்காரர் தாளின் முனையைத் தேடிப் பிடிப்பதற்குள் இசை அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. மேதை ஒருமுறை நிமிர்ந்து இவர் முகத்தைப் பார்த்தார், அவ்வளவுதான்.

சாயங்காலம் அரங்கம் நிரம்பி வழிந்தது. மற்றதெல்லாம் ஒருவழியாகக் கழிந்து, கடைசி உருப்படி வந்தது. விளக்கு வெளிச்சத்தில் தாள் கூசியது. குறிப்புகள் புகைக்குள் ஊரும் எறும்புகள் மாதிரி தெரிந்தன. புரட்டுக்காரர் நாற்காலியைத் தாளுக்கு இன்னும் கிட்டே இழுத்தார்.

மேதை வாசிக்க ஆரம்பித்தார்.

மெதுவாக.

புயல் வர வேண்டிய இடத்தில் தூறல் போட்டது. ஒவ்வொரு சுரமும் யோசித்து யோசித்து விழுந்தது. பக்கத்தின் கடைசிக்கு வந்ததும், அந்த ஒரு சுரத்தை அப்படியே அந்தரத்தில் தொங்கவிட்டார். வரியைக் கண்டுபிடித்து, எழுந்து, முனையைத் தடவிப் பிடித்துப் புரட்ட இவருக்கு நேரம் இருந்தது. நல்லவேளை, இன்றைக்குப் பார்த்து மனுஷன் இப்படி வாசிக்கிறாரே என்று மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டார்.

ஆனால் முன்வரிசையில் ஒருவர் தொண்டையைச் செருமினார். எங்கோ நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ எழுந்து போகிற செருப்புச் சத்தம். இந்தப் பழியும் நம் தலையில் வந்து விழுமோ என்று புதிதாக ஒரு கவலை பிடித்துக்கொண்டது.

முடிந்தபோது பாதிப் பேர் கைதட்டினார்கள். மீதிப் பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நடைக்கூடம் முழுக்க அதே பேச்சுதான். துணியை ஊறப்போட்ட மாதிரி பாட்டை ஊறப்போட்டுவிட்டாரே என்று ஒரு வக்கீல் அலுத்துக்கொண்டார். அந்த இடைவெளிகளில்தான் இசையே இருந்தது, இத்தனை வருஷமாக எல்லோரும் தப்பாக வாசித்துக்கொண்டிருக்கிறோம் என்று இசைக்கல்லூரிப் பேராசிரியை அவரோடு மல்லுக்கு நின்றார். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே படியிறங்கினாள்.

பத்திரிகை விமர்சகர் புரட்டுக்காரரை மடக்கினார்.

"நீங்க பக்கத்துலயே இருந்தீங்களே, என்ன ஆச்சு அவருக்கு?"

மேலாளரும் அங்கேதான் நின்றிருந்தார். முகம் வேறெங்கோ, காது இந்தப் பக்கம். இதை நோண்ட ஆரம்பித்தால் கடைசியில் தன் வாசலில்தான் வந்து நிற்கும் என்று புரட்டுக்காரருக்குப் பட்டது.

"வயசாகுதில்லையா, சார்," என்றார். "விரல் முன்ன மாதிரி ஓடல. பாவம்."

விமர்சகர் தலையாட்டியபடி செல்போனில் ஏதோ தட்டினார். மேலாளர் இவர் தோளைத் தட்டி, இன்றைக்கு உங்கள் வேலையில் ஒரு குறையும் இல்லை என்றார்.

அப்பாடா என்றிருந்தது. புத்தகத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம் என்று மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்குப் போனார். மேதை உள்ளே முகம் கழுவிக்கொண்டிருந்தார். வெளியே உட்கார்ந்திருந்த அவர் மனைவி புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அவருக்கு இந்தப் புத்தகமே தேவையில்லைங்க. சின்ன வயசுலேருந்து மனப்பாடம். ஒத்திகையோட எடுத்து வெச்சுடுவார்."

"அப்புறம் எதுக்கும்மா மேடையில வெச்சாரு?"

அந்த அம்மா அறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"காலையில மேலாளர் உங்ககிட்ட பேசினது இவர் காதுல விழுந்திருக்கு. புத்தகம் வேணாம்னா உங்களையும் வேணாம்னுடுவாங்க. வேகமா வாசிச்சா நீங்க மாட்டிப்பீங்க. அதனால உங்க கை வர்ற வரைக்கும் நின்னு நின்னு வாசிச்சாராம். எங்கிட்டயே இப்பத்தான் சொன்னார். கைக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு நான் உட்கார்ந்த இடத்துலயே செத்துப் பிழைச்சேன்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "ஒத்திகையில நீங்க தாளைத் தேடினதைப் பார்த்தே அவருக்குப் புரிஞ்சுடுச்சு. கண்ணைச் சீக்கிரம் காட்டிடுங்க."

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. அவர் வெளியே வரும்வரை நிற்கிற தைரியம் புரட்டுக்காரருக்கு இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். வாசலில் விமர்சகர் மேலாளரிடம் விடைபெற்றுக்கொண்டிருந்தார்.

"சார், நான் சொன்னதை எழுதிடாதீங்க," என்றார் மூச்சு வாங்க. மேலாளர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

"அவர் விரலுக்கு ஒண்ணும் இல்ல, சார். எனக்காகக் காத்துக்கிட்டிருந்தார். எனக்குத்தான் கண்ணு தெரியல."