வாய்க்குப் பத்தியம்

மாப்பிள்ளை வீட்டார் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, ஜீவராணி தன் தாடையைத் தொட்டுக் கணவருக்கு ஜாடை காட்டினாள்.

செல்லசாமி தலையாட்டினார். பேசவில்லை.

போன வாரம்தான் அவருடைய காதுக்குக் கீழே இருந்த கொழுப்புக் கட்டியை ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்துத் தையல் போட்டிருந்தார்கள். தண்ணீர் படக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, சீழ் கண்டால் உடனே வரவேண்டும் என்று வெளியே நின்ற ஜீவராணியிடம் டாக்டர் சிங்களத்தில் சொன்னார். அதை அவள் கணவரிடம் தமிழில் சொன்னாள். தையல் பிரிக்கும்வரை பேசவும் கூடாது, பேசினால் பிய்ந்துவிடும் என்று ஒன்றைத் தானாகவே சேர்த்துக்கொண்டாள்.

அவளும்தான் என்ன செய்வாள்? மகள் பிரேமினியைப் பார்க்க வந்த முதல் வரனிடம், எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டாய் என்று கேட்டுச் சண்டை பிடித்தவர் இவர். அடுத்த வரனின் அப்பாவிடம், உனக்குத் தேத்தண்ணி குடிக்கவே தெரியவில்லை என்றார். அதுவும் அந்த மனிதர் குடித்துக்கொண்டிருக்கும்போதே.

இந்தக் கொட்டகலைப் பையன் நிரஞ்சனைப் பிரேமினிக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இதுவும் கெட்டால் அவள் அப்பாவின் முகத்திலேயே விழிக்கமாட்டாள்.

மாப்பிள்ளையின் மாமா தேத்தண்ணியில் ஒரு வாய் குடித்துவிட்டு ஆரம்பித்தார்.

"உங்க நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துக் கொழுந்துல என்னங்க இருக்கு? வெறும் கசப்பு. எங்க கொட்டகலைத் தேயிலைதாங்க தேயிலை."

செல்லசாமியின் கழுத்து நரம்பு புடைத்தது. பிளாஸ்திரியும் சேர்ந்து எழும்பியது. வாய் திறந்தது. ஜீவராணிக்கு உயிர் போய் வந்தது.

திறந்த வாய்க்குள் ஒரு முழு வடையைத் திணித்துக்கொண்டார்.

அப்போதுதான் மாப்பிள்ளையின் அக்கா சர்மிளா வேலை முடிந்து நேரே வந்து சேர்ந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். செல்லசாமியைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"அட, நான் கட்டுப் போட்டுவிட்ட ஐயா! ஏங்க பேசாம இருக்கீங்க? நல்லா பேசலாம், ஒண்ணும் ஆகாதுன்னு அன்னைக்கே உங்ககிட்ட சொல்லித்தானே அனுப்புனேன்?"

ஜீவராணி வடைத் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அன்றைக்கேவா?

செல்லசாமி கதவோரம் நின்ற மகளை ஒருமுறை பார்த்தார். பிறகு தாடையைப் பிடித்துக்கொண்டு, பெரிய வலி வந்தவர்போல் முகத்தைச் சுளித்தார்.

சர்மிளா பதறிப்போய்ப் பிளாஸ்திரியை விலக்கிப் பார்த்தாள். காயம் சுத்தமாக ஆறிக்கொண்டிருந்தது. அவரோ இன்னும் பலமாக முனகினார்.

இப்போது பேச்சு வராமல் நின்றவள் ஜீவராணிதான்.