லேட் நோட்டு

“ஏய் மேகலா, நில்லு! யாரு உன்னைய ஓடியாரச் சொன்னது?”

ஒன்பதாவது படிக்கும் மேகலா மூச்சு வாங்க நின்றாள். “பெல் அடிச்சிருவாங்கன்னு சார்...”

“அடிச்சா அடிச்சிட்டுப் போவுது. நாளைக்கும் இப்புடி ஓடியாந்த, உங்கப்பாவ வரச்சொல்லிருவேன். ஆமா.”

கேட்டருகே நின்று கணக்கு சார் அய்யம்பெருமாள் அவளை ஒரு பிடி பிடித்து உள்ளே அனுப்பினார். பெல்லும் அடித்தது. அடித்து ஐந்து நிமிடம் கழித்து, ஊர்வலம் வருகிற மாதிரி நிதானமாக வந்து சேர்ந்தாள் இன்னொருத்தி. அவளிடம் என்ன கேட்டார் தெரியுமா?

“வாம்மா. சாப்ட்டியா? லேட்டான அஞ்சு நிமிஷத்த மத்தியானம் எங்கிட்ட உக்காந்து கணக்கு போட்டுட்டுப் போவணும், என்ன?”

ஆபீஸ் ஜன்னல் வழியாக இதைப் பார்த்த தலைமையாசிரியை சசிகலாவுக்குப் பொறுக்கவில்லை. பெரம்பலூர் டவுனிலிருந்து அரியலூர் மெயின் ரோட்டின் மேலுள்ள இந்தப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்து ஒரு மாதம் ஆகிறது. வந்த நாளாக இதே கூத்து. நேரத்துக்கு ஓடி வருகிற பிள்ளைக்குத் திட்டு, தாமதமாக வருகிற பிள்ளைக்கு உபசாரம்! போதாக்குறைக்கு, திருமானூர் பஸ் வந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் பெல்லையே அடிக்க வேண்டுமாம். அதுவும் இவர் உத்தரவுதானாம்.

அன்றைக்கே கூப்பிட்டுக் கேட்டுவிட்டார்.

“சார், நீங்க வயசுல பெரியவங்க. ஆனா இது சரியில்லீங்க. லேட்டா வர்ற புள்ளைங்களுக்கு ஒரு பயம் வேணாமா?”

“பயமெல்லாம் நெறைய குடுத்துப் பாத்துட்டேன் மேடம்,” என்றார் அய்யம்பெருமாள். எழுந்து வகுப்புக்குப் போய்விட்டார்.

என்ன திமிர்!

சசிகலா மெமோ எழுத உட்கார்ந்தார். மே மாதக் கடைசியில் ரிடையர் ஆகப் போகிற மனிதர். முப்பத்து நாலு வருஷ சர்வீஸில் ஒரு புகார் கிடையாது. இப்போது மெமோ போனால் பென்ஷன் பேப்பர் எந்த மேஜையில் போய்ப் படுத்துக்கொள்ளுமோ தெரியாது. அது சசிகலாவுக்கும் தெரியும். தெரிந்தேதான் எழுதினார்.

“அஜித், இந்தப் பள்ளிக்கூடத்துல லேட் நோட்டுன்னு ஒண்ணு உண்டா? கடைசியா என்னைக்கு எழுதுனாங்கன்னு இதுல தேதி போடணும்.”

அலுவலக உதவியாளர் அஜித்குமார் (பெல் அடிப்பதும் அவன்தான்) ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்து போய்ப் பீரோவைத் திறந்தான். அடித்தட்டில் கைவிட்டு, அட்டை பிய்ந்த நீள நோட்டு ஒன்றை எடுத்து வந்து வைத்தான். தேட வேண்டிய அவசியமே இல்லாதது போல எடுத்தான்.

சசிகலா புரட்டினார். பக்கம் பக்கமாகச் சிவப்பு மை. பேர், வகுப்பு, எத்தனை நிமிடம், என்ன தண்டனை. மூன்று நிமிடம், முட்டி. ஆறு நிமிடம், வெயிலில் நிறுத்தியது. ஒரு நிமிடத்துக்குக்கூட மன்னிப்பில்லை. கையெழுத்து அய்யம்பெருமாள் சாருடையது.

“இவரா இப்புடி எழுதியிருக்காரு?”

“அப்ப சார் அப்புடிங்க மேடம். அவரு கேட்டுல நிக்கிறாருன்னு தெரிஞ்சா பஸ் டிரைவருக்கே கை நடுங்கும்பாங்க.”

பதின்மூன்று வருஷத்துக்கு முந்தைய ஒரு ஜூலைத் தேதியோடு எழுத்து நின்றுபோயிருந்தது. அதற்கப்புறம் வெறும் வெள்ளைத் தாள். கடைசிப் பேருக்கு நேரே நிமிடக் கட்டமும் காலி.

சசிகலா அந்தக் கட்டத்தில் விரலை வைத்தார். “இது யாரு? எத்தனை நிமிஷம் லேட்டுன்னு போடாமயே விட்டுருக்காரே?”

“பத்து மாசம் மேடம்.”

சசிகலா நிமிர்ந்து பார்த்தார்.

“அது நான்தாங்க. பெல் அடிச்சதும் பேர எழுதிட்டாரு. நான் வந்ததும் நிமிஷத்தப் போட்டுக்கலாம்னு விட்டுருக்காரு. முட்டி போடணுமேன்னு நானும் பஸ்ஸ விட்டு எறங்குனதும் ஒரே ஓட்டம். சுண்ணாம்புக்கல் லாரி வந்ததப் பாக்கல. அப்பறம் இந்தக் காலோட எந்திரிச்சு நடக்கப் பத்து மாசம் ஆயிருச்சு.”

யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலத்தான் சொன்னான்.

“சார் வந்து பாத்தாரா?”

“ஒரு ஞாயித்துக்கிழம விடல மேடம். திருச்சி ஆஸ்பத்திரிக்கு சிலேட்டோட வந்துருவாரு. ‘புள்ள பொழச்சதே போதும் சார், கணக்கு எதுக்கு’ன்னு எங்கம்மா சண்டையே போட்டுச்சு. கேட்டாத்தானே! அடுத்த வருஷம் பரீட்சைல கணக்குல எழுவத்தெட்டு எடுத்தேன். இந்த வேலைக்கு மனு எழுதிக் குடுத்ததும் அவருதான்.”

சசிகலா நோட்டை மூடினார். பாதி எழுதிய மெமோ உள்ளேயே மாட்டிக்கொண்டது. அதை அவர் வெளியே எடுக்கவில்லை. அப்படியே பீரோவுக்குப் போயிற்று.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. அய்யம்பெருமாள் சார் நல்லபடியாக ரிடையராகி வீட்டோடு இருந்தார். திருமானூர் பஸ் எதிர்ச்சாரியில் வந்து நின்றது. இனி யார் திட்டப் போகிறார்கள் என்ற தைரியத்தில், பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடத் தயாரானாள் மேகலா.

“ஏய் மேகலா, நில்லு! யாரு உன்னைய ஓடியாரச் சொன்னது?”

கேட்டைத் தாண்டி வந்து, ரோட்டோரத்தில் குடை பிடித்து நின்றுகொண்டிருந்தார் தலைமையாசிரியை சசிகலா.