வேலையில் இருப்பவர்

மாதாந்திர வேலையின்மைக் கணக்கெடுப்புக்கு வந்த பெண்ணை வீட்டுக்காரி சிரித்தபடி உட்காரவைத்தாள்.

"உங்க கணவருக்கு இப்போ வேலை இருக்கா?"

"நல்லா கேட்டீங்க போங்க! அவரும் உங்க ஆபீஸ்தான். வேலையில்லாதவங்களை எண்ணி எண்ணியே எட்டு வருஷம் ஓடிப்போச்சு. இதோ, கிளம்பிட்டாரே!"

தோளில் பையோடு வந்தவர், வந்திருந்தவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னங்க, மரம் மாதிரி நிக்கிறீங்க? நீங்களே சொல்லுங்க."

அவர் கண்கள் வந்தவளிடம் கெஞ்சின.

கணக்கெடுக்க வந்தவள் கூனிக்குறுகிப் போனாள். 'வேலையில் இருக்கிறார்' என்ற கட்டத்தில் டிக் செய்தாள்.

"ஆபீஸ்ல பார்க்கலாம் சார்" என்று சொல்லிவிட்டுத் தலை நிமிராமல் படியிறங்கினாள்.

போன மாதம் அவரை வேலையைவிட்டு நிறுத்தியபோது, அதே இடத்தில் பாதிச் சம்பளத்துக்குச் சேர்ந்தவள் அவள்தான். கணக்கெடுக்க வேண்டிய வீடுகளின் பட்டியலைக்கூட அவர் கையிலிருந்தே வாங்கியிருந்தாள்.